அறுபத்துமூன்று சென்டிமீட்டர்

ஒசாகாவிலிருந்து ஒரு படம் வந்தது.
மணப்பெண், கடல், மூடிய வானம்.
வானத்தில் மிளகு போல ஒரு கறுப்பு.
"இது பறவையா?" என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.
அந்த மரியாதைதான் சுட்டது.

லுபோர் அதே தொகுதிச் சுருளைக் கழுவி
நடைபாதைத் தரையில் விரித்தான்.
அடுத்த மிளகு அறுபத்துமூன்று சென்டிமீட்டரில்.
அதற்கடுத்ததும்.
மூன்றே ஏழிலொன்றால் வகுத்தான்:
இருபது.
இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஏதோ ஓர் உருளை
சுற்றுக்கொரு முறை பொய் சொல்கிறது.

எங்கள் இயந்திரத்தில் நூற்று நாற்பது உருளைகள்.
இருபது சென்டிமீட்டரில் ஒன்பது.
விளக்கைப் போட்டுத் தேடினார்கள், பூதக்கண்ணாடியோடு.
எல்லாம் பளபளத்தன.
க்வியேத்தா வந்து, விளக்கை அணையுங்கள் என்றாள்.
இருபத்திரண்டு வருடம் கும்மிருட்டில் பூச்சு வேலை;
வெளிச்சத்தில் அவள் விரல்களுக்குக் கூச்சம்.
கையுறையைக் கழற்றும் ஓசை கேட்டது.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
"ஏழாவது. இதோ, கடுகில் பாதி."

இனி என் வேலை. நான் கொள்முதல்.

வாங்க ஆளில்லை என்று நினைப்பீர்கள்.
லிஸ்பனில் ஒரு கடை ஆளுக்கு இரண்டு சுருள்தான் தருகிறது.
மீசை அரும்பாத பையன்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.
கேட்கிற வாய் நிறைய இருக்கிறது,
எங்களால்தான் பரிமாற முடியவில்லை.

சிவப்பை உணர்த்தும் சாயம்
ஆண்டுக்கு நாலு கிலோ போதும் எங்களுக்கு.
ஐந்நூறு கிலோவுக்குக் குறைந்தால்
கொதிகலனைச் சூடாக்க மாட்டோம் என்கிறார்கள்.
ஜெலட்டின்காரர் மாட்டை மாற்றிவிட்டார்,
எந்த நாட்டு மாடு என்று சொல்ல மறுக்கிறார்;
எலும்பு மாறினால் வெளிச்சமும் மாறும் என்றேன்,
தொலைபேசியில் சிரித்தார்.
இயந்திரமோ
மூன்று கிலோமீட்டரைத் தின்ற பிறகுதான் நிலைகொள்ளும்.
அந்த மூன்றையும் எரித்து,
சாம்பலில் வெள்ளியை அரித்தெடுத்து,
விலையேறிய நாளில் அதைக்கொண்டு மின்கட்டணம் கட்டுவோம்.
யானையை வாங்கியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.
அங்குசம் தேடுகிறவள் நான்.

உருளைக்கு வருவோம்.
குரோமியம் பூசிய பட்டறை
புதுச் சட்டத்துக்குப் பயந்து தொட்டியை மூடிவிட்டது.
இப்போது அங்கே உடற்பயிற்சிக் கருவிகள் செய்கிறார்கள்.
டிரெஸ்டனில் ஒருவர் விலை சொன்னார்;
கணக்குப் பிரிவு வ்லஸ்தா
அந்தத் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

பதினோராம் நாள்,
உணவுக்கூடத்தில் பருப்பு சூப், ஊறிய வெள்ளரி.
லாரி ஓட்டுநர் ஒருவன் எதிரே அமர்ந்து சொன்னான்:
மொராவியாவில் மெத்தோடி என்று ஒருவர்,
மூடிய ஆலை ஒன்றின் ஏலத்தில்
எடைக்கு இரும்பு வாங்கினார், வெகுகாலம் முன்பு.

போனேன்.
திராட்சைமது நிலவறை.
ஆறு பீப்பாய்கள் உருளாமல்
அணை கொடுத்துக் கிடந்தது எங்கள் உருளை.
மெழுகுத்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.
டார்ச்சைக் கிழித்த மூலையில் பிடித்தேன்,
என் முகம் நீளமாகத் தெரிந்தது.

பணம் வேண்டாம் என்றார் மெத்தோடி.
புகைப்படத்திலும் ஆர்வமில்லை.
"இதை எடுத்துவிட்டால் பீப்பாய்க்கு எது அணை?"

மரக்கடைக்குப் போய்
ஓக் உத்தரம் ஒன்று, ஒன்றரை மீட்டர், வாங்கிவந்தேன்.
அவரே தோள் கொடுத்தார்.
ஒரு பீப்பாய் சற்று நகர்ந்து, யோசித்து, நின்றது.

வெள்ளியன்று இயந்திரம் ஓடியது.
முதல் மூன்று கிலோமீட்டர் போகட்டும்.
நாலாவதிலிருந்து வெட்டி, கழுவி, தரையில் விரித்தோம்.
அறுபத்துமூன்று. சுத்தம்.
நூற்று இருபத்தாறு. சுத்தம்.
லுபோர் முழங்காலிட்டபடியே கதவுவரை போனான்.

ஒசாகாவுக்குப் புதுச் சுருள்கள் இரண்டு அனுப்பினோம்.
கல்யாணத்தை மறுபடி அனுப்ப வழியில்லை.

வ்லஸ்தா ரசீதைத் தூக்கிப் பிடித்தாள்:
"ஓக் உத்தரம், ஒன்று.
இதை எந்தத் தலைப்பில் எழுத?"

மூலப்பொருள் என்றேன்.
எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.
மேசையில் சாயக்காரரின் பதில் வந்திருந்தது.
முந்நூறு கிலோவுக்கு இறங்கியிருக்கிறார்.